நாலு சுரம் கீழே

“பிரியமானவர்களே” என்று குருவானவர் மூன்றாவது தடவை ஆரம்பித்தபோதே கெசியாவுக்குத் தெரிந்துவிட்டது, இது லேசில் முடிகிற பிரசங்கமில்லை. முதல் பிரியமானவர்களே மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க, இரண்டாவது தொண்டையில் நிற்பதைத் தள்ள, மூன்றாவதுதான் வண்டியை எடுக்க. எடுத்துவிட்டார். இனி ஏதேன் தோட்டத்தில் ஆள் ஏற்றி, நோவாவின் பேழையில் கொஞ்ச நேரம் மிதந்து, எகிப்தில் இறங்கி டீ குடித்து, வனாந்தரம் பூராவும் சுற்றி, கடைசியாக அறுப்பின் பண்டிகை அசனப் பந்திக்கு வந்து நிறுத்துவதற்குள் கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் ஆட்டுக்கறி ஆறிப்போயிருக்கும். மசாலா வாசம் வடக்கு ஜன்னல் வழியாக வந்து வரிசை வரிசையாக உட்காருகிறது, ஆண்கள் பக்கம் முதலில், பிறகு பெண்கள் பக்கம், பிறகு கொயர். பீடத்துக்கு முன்னால் ஊரார் கொண்டுவந்து இறக்கிய பூசணி, வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம், யாரோ நேர்ந்துகொண்ட ஒரு சேவல். சேவலுக்குக் காலில் கயிறு. அது குருவானவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது, அடுத்த முறை நீ நிறுத்தினால் நான் பேசுவேன் என்கிற மாதிரி. மற்ற நாளாக இருந்தால் இதற்கே கெசியாவுக்கு வயிறு குலுங்கியிருக்கும், பக்கத்திலிருக்கும் ஜெனிட்டாவின் தொடையைக் கிள்ளியிருப்பாள். இன்றைக்கு இமைதான் கனக்கிறது. ஒரு வாரமாகப் பயிற்சி, அரையாண்டுப் பரீட்சை, பரீட்சை முடிந்து பயிற்சி, பயிற்சி முடிந்து வீட்டில் அந்த மௌனம். தூக்கத்தைவிட மௌனம்தான் ஆளை அடித்துப் போடுகிறது. முன் பெஞ்சில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அம்மாவின் பின்கழுத்து. நீலச் சேலை. கழுத்து மூடிய ரவிக்கை. பிரசங்கம் முடிந்தால் காணிக்கைப் பாட்டு. காணிக்கைப் பாட்டை அம்மா பாடுகிறாள், தனியாக, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் முறை, மேலே ஏறினால் உடைகிற குரலை வைத்துக்கொண்டு. உடையும். அது கெசியாவுக்குத் தெரியும். கெசியாவுக்கு மட்டும் தெரியும். ஆண்டவரே, இவர் இன்னும் ஏதேனிலேயே நிற்கிறாரே, நிற்கட்டும், ஏவாள் மெதுவாகவே பறிக்கட்டும், யாரும் அவசரப்படுத்தாதீர்கள்.

மனுஷர் பேச ஆரம்பிக்கிற இடம் என்று ஒன்று இருக்கிறது, கீபோர்டில் ஏ, பி, சி என்று பெயர் வைத்திருக்கிற சுரங்களில் ஏதோ ஒன்று. ஒருவரைப் போல் பேசிக் காட்ட வேண்டுமென்றால் முதலில் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும், அப்புறம் மூக்கைச் சுருக்குவது, வார்த்தையை இழுப்பது எல்லாம் தானாகப் பின்னாலேயே வரும். கொயர் மாஸ்டர் ஞானதிரவியம் சார் எப்போதும் ஈ, கோபம் வந்தால் அதற்கு மேல் ஸ்தாயி ஈ. கெமிஸ்ட்ரி டீச்சர் ஏ-யில் ஆரம்பித்துப் பாதி வாக்கியத்தில் சறுக்குவார். கீபோர்டு வில்பிரட் மாமா எங்கே ஆரம்பித்தாலும் சி-க்கு வந்து உட்கார்ந்துவிடுவார், வீட்டுத் திண்டில் சாய்கிற மாதிரி. எல்லாரையும் கெசியா பிடித்துவிட்டாள், குருவானவர் ஒருத்தரைத் தவிர. அவர் பாதாளத்தில் இருக்கிறார், பி ஃபிளாட்டில், வெண்கலப் பானைக்குள்ளிருந்து பேசுகிறவர் போல. அந்தப் பிரியமானவர்களே-யின் கடைசி ‘ளே’ இருக்கிறதே, அது வரைக்கும் கெசியாவின் குரல் இறங்காது. பக்கத்தில் போகும், வெறும் காற்றாகிவிடும். “இது பாஸ்டர் இல்லட்டி, பாஸ்டருக்குச் சளி” என்பாள் ஜெனிட்டா. சுருதி மட்டும் போதாது, இன்னொன்றும் வேண்டும். ஆள் எப்படிப் பேசுகிறாரோ அதற்குமேல் ஒரு சிட்டிகை. அந்த ஒரு சிட்டிகையில்தான் சிரிப்பு இருக்கிறது. அது இல்லாவிட்டால் வெறும் ஆள், அது இருந்தால்தான் வேடிக்கை. அந்தச் சிட்டிகையைப் போடாமலே பேசிக் காட்ட வருமா என்று கெசியா ஒரு தடவைகூட முயன்று பார்த்ததில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், யார் சிரிப்பார்கள்.

மடியில் மூன்று குழல்கள். லண்டனில் நர்ஸாக இருந்த பெத்லகேம் அக்கா ஊரோடு வந்தபோது கோயிலுக்குக் கொடுத்த பெட்டி அது. ஒன்றரைச் சாண் பிக்கோலோ, நடுவில் எல்லாரும் பார்த்திருக்கிற சாதாரணப் புல்லாங்குழல், பிறகு கை நீட்டிப் பிடித்தால் தோள் வலிக்கிற அந்தப் பெரியது. ஒரே குடும்பம், ஒரே மூக்கு, குரல்தான் வேறு. பிக்கோலோ, வீட்டுக்கு வந்த உடனே எல்லா அறையையும் எட்டிப் பார்க்கிற மதினி. நடுக்குழல் அம்மா. பெரியது, சுருட்டுப் பிடித்துவிட்டு ஜெபத்துக்கு வருகிற பெரியம்மா. மூன்றுக்கும் விரல் ஒன்றுதான். இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட அன்று கெசியாவுக்கு ஒரே ஆச்சரியம். எந்தச் சாவியை அமுக்கி நடுக்குழலில் வாசிக்கிறாளோ அதையே மற்றதிலும் அமுக்கினால் போதும், விரல் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டாம். ஆனால் அதே விரலுக்குப் பிக்கோலோ ஒரு ஸ்தாயி மேலே போய்க் கீச்சிடும். பெரியது நாலு சுரம் கீழே இறங்கிச் சொல்லும். விரல் சி என்று நினைக்கும், காதில் ஜி விழும். அதனால்தான் அதற்கு ஜி குழல் என்று பெயர், அதனால்தான் பெரிய குழலுக்கு மட்டும் சார் வேறு பேப்பர் எழுதித் தருவார், அது இறங்கப்போகிற நாலு சுரத்தையும் முன்கூட்டியே ஏற்றி எழுதி, மற்றவர்களோடு சேர்ந்து கேட்கிற மாதிரி. பொய் சொல்கிறவனிடம் கணக்குப் பார்த்துக் கேள்வி கேட்பது போல. இன்றைக்குப் பெரிய குழலுக்குக் கடைசிச் சங்கீதத்தில்தான் வேலை. காணிக்கைப் பாட்டுக்கு நடுக்குழல். நடுக்குழல்தான். ஸ்டாண்டில் பேப்பர் இருக்கிறது, மேலே சாரின் சிவப்பு மையில், ‘சி குழல். எஃப் சுருதி. கெசியா, விளையாடாதே.’

விளையாடியதில்லை, அன்றைக்கு அது நிஜமாகவே தவறித்தான் நடந்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு பயிற்சிக்கு வந்து, கையில் பெரிய குழல், கண் முன்னால் நடுக்குழலின் பேப்பர். ஊதிவிட்டாள். பாடுகிறவர்கள் சுருதி எடுப்பது குழலைப் பார்த்துத்தான், ஆகவே மொத்தக் கொயரும் அவள் பின்னாலேயே நாலு சுரம் இறங்கிப்போய் நின்றது, ஆட்டு மந்தை ஓடைக்குள் இறங்குகிற மாதிரி. ஆண்கள் அடித் தொண்டையில் உறுமினார்கள். மேலே கீபோர்டு மட்டும் தனியாக எஃப்பில் நின்றுகொண்டிருந்தது. “எவ அவ, பாட்டைக் கிணத்துக்குள்ள தள்ளுனது?” என்று சார் மேல் ஈ-யில் அலற, வில்பிரட் மாமா நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கீபோர்டைப் பார்த்தார். மாமாவுக்கு வாசிக்கத் தெரிந்த சுருதி சி ஒன்றுதான், மற்ற சுருதியெல்லாம் பொத்தான். எஃப் வேண்டுமென்றால் பொத்தானை அஞ்சில் வைத்துவிட்டு சி-யிலேயே வாசிப்பார். அன்றைக்கு அந்த அஞ்சை எடுத்துச் சைபரில் வைத்தார், அவ்வளவுதான், எல்லாம் ஒட்டிக்கொண்டது. எஃப்பிலிருந்து நாலு சுரம் இறங்கினால் அவருடைய சொந்த வீடு. “பாத்தீரா சார், ஒண்ணும் செய்யாமலே சரியாப் போச்சு. பிள்ளையத் திட்டாதேயும்.” அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வர, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. சிரிப்பிலேயே அம்மா எஃப்புக்கு மேலே போய் நிற்பாள். அப்போது கழுத்தில் அந்தக் கட்டி இருந்தது, வீட்டில் யாரும் பார்க்கவில்லை, அம்மாகூடச் சங்கிலி இறுக்குகிறது என்றுதான் நினைத்தாள்.

கட்டியை எடுத்தாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள், நிஜமாகவே பயப்பட ஒன்றுமில்லை. குரல் நரம்பு கொஞ்சம் அயர்ந்திருக்கிறது, வரும், வராமலும் இருக்கலாம் என்றார்கள். மூன்று வாரம் அம்மா ஸ்லேட்டில் எழுதிப் பேசினாள். பிறகு ஒரு நாள் காலை சமையலறையிலிருந்து ஒரு குரல் “பால் பொங்குது” என்றது, கெசியா யாரோ பக்கத்து வீட்டு மாமாதான் வந்திருக்கிறார் என்று நினைத்துத் துப்பட்டாவைத் தேடினாள். அம்மாதான். உப்புத்தாளில் தேய்த்த குரல். அதே இழுப்பு, அதே ‘பொங்குதூ’, வாக்கியம் எங்கே திரும்புமோ அங்கேயே திரும்பியது, ஆனால் எல்லாமே வேறு தரையில். கெசியாவின் காது, அவள் வேண்டாம் வேண்டாம் என்றாலும், உடனே போய் அளந்துவிட்டது. பழைய அம்மா எங்கே ஆரம்பிப்பாள், புது அம்மா எங்கே ஆரம்பிக்கிறாள். காது ஒரு நாய், அதைக் கட்டிப்போட முடியாது. அளந்ததோடு விட்டிருக்கலாம். பயிற்சி இடைவேளையில், கோயில் பக்கவாட்டு அறையில், ஜெனிட்டாதான் கேட்டாள், “சாரைச் செய்தாச்சு, கெமிஸ்ட்ரி செய்தாச்சு, புதுசா யாருட்டி?” புதுசா. அந்த ஒரு சொல். நாக்கு யோசிக்கிறதா என்ன. பால் பொங்குது என்றாள். ஒரு சிட்டிகை கூடப் போட்டு. இருமலும் வைத்து. எல்லாரும் தரையில் உருண்டார்கள், இன்னொரு தடவை, இன்னொரு தடவை. இன்னொரு தடவை செய்தாள். இரண்டாவது முறை சிரிப்பு பாதியில் நின்றது, ஸ்விட்சை அணைத்த மாதிரி. வாசலில் அம்மா. கையில் எல்லாருக்கும் போட்ட டீ பிளாஸ்க். அதை மேசையில் வைத்தாள், மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று ஒரு தடவை திருகிப் பார்த்தாள், போய்விட்டாள். அந்தத் திருகல். திட்டியிருந்தால் திட்டு முடிந்து போயிருக்கும். அந்த மூடி மட்டும் இன்னும் திருகிக்கொண்டே இருக்கிறது, கணக்குப் பரீட்சையில், பஸ்ஸில், இதோ இந்தப் பெஞ்சில்.

அதற்கப்புறம் வீட்டில் எல்லாம் அப்பா வழியாகத்தான். ஐசக் என்கிற மின்வாரிய லைன்மேன் இரண்டு கம்பத்துக்கு நடுவே தொங்கிக்கொண்டிருக்கிறார். “உங்க மகள்ட்ட சொல்லுங்க, தோசை ஆறுது.” “அவ இந்தா பக்கத்துலதான நிக்கா?” “சொல்லுங்க.” “ஏட்டி, தோசை ஆறுதாம்.” “சரின்னு சொல்லுங்கப்பா.” “சரியாம்.” அப்பா ஒரு நாள் கையை உதறினார். “நானென்ன டிரான்ஸ்பார்மரா? ஏ பியூலா, நீ மட்டும் யோக்கியமா? காலேஜ் ஹாஸ்டல்ல வார்டன் மாதிரியே சத்தம் குடுத்து, படுத்திருந்த பிள்ளைகளை எல்லாம் முற்றத்துல கொண்டு நிறுத்துனவ யாரு?” அம்மா கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். “அது வார்டனுக்குக் கேக்கல” என்றாள், அந்தக் குரலில். அவ்வளவுதான். அந்த வாரமே ஞானதிரவியம் சார் வீட்டுக்கு வந்தார். காணிக்கைப் பாட்டு புதுசாக மெட்டுப் போட்டிருக்கிறேன், யார் பாட என்று தெரியவில்லை என்று காப்பியைப் பார்த்துச் சொன்னார். அம்மாவைக் கேட்கத் தைரியமில்லாமல் சும்மா சொல்லிவிட்டுப் போக வந்தவர். “நான் பாடுதேன்” என்றாள் அம்மா. சாருக்குப் புரையேறியது. “இல்லம்மா, நீங்க ரெஸ்ட்டு…” “பாடுதேன்னு சொன்னேன்லா.” “அப்ப கொஞ்சம் இறக்கி வச்சிக்கிடுவோம். எஃப் வேண்டாம், டி…” “எஃப்லயே வைங்க. யாரும் எனக்காக எறக்க வேண்டாம்.” அதைச் சொல்லும்போது சாரைப் பார்க்கவில்லை, கெசியாவையும் பார்க்கவில்லை, இருவருக்கும் நடுவே இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னாள். யாரும் என்றால் யார் என்று காலண்டருக்குத் தெரியும்.

குருவானவர் எகிப்துக்கு வந்துவிட்டார். “பிரியமானவர்களே, பார்வோனின் இருதயம் கடினப்பட்டது.” கடினப்பட்டது, கடினப்பட்டது, ஊமைவெயிலில் ஃபேன் மூன்று முறை அதைத் திருப்பிச் சொல்லிச் சுற்றுகிறது. சேவல் கண்ணை மூடிக்கொண்டது. வில்பிரட் மாமா அதற்கு முன்பே மூடிவிட்டார், கீபோர்டில் சிவப்பு எழுத்தில் அஞ்சு எரிந்துகொண்டிருக்கிறது. அம்மாவின் கை கழுத்துக்குப் போகிறது, தழும்பு இருக்கிற இடத்தைத் தொடாமல் பக்கத்தில் நிற்கிறது, இறங்குகிறது. காலையிலும் அந்தக் கை இப்படித்தான் போயிருக்கும். காலையில் கெசியா பல் தேய்த்துக்கொண்டு குளியலறைக்கு வெளியே நின்றாள். உள்ளே குழாய்த் தண்ணீர், தண்ணீருக்குள்ளே அம்மா. பாட்டு. கீழ் வரிகள் வந்தன, கரகரவென்று, ஆனால் வந்தன. பிறகு அந்த இடம், எல்லாம் நீர் தந்தீரே என்று மேலே ஏறி நிற்க வேண்டிய இடம். ‘தந்’ வரை ஏறியது. அப்புறம் ஒன்றுமில்லை. சத்தம் உடைந்தால்கூட ஒரு சத்தம் இருக்கும், இது கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் அறையே இல்லாத மாதிரி. மறுபடி ஏறினாள். மறுபடி அதே இடம். அப்புறம் குழாயை இன்னும் அதிகமாகத் திறந்துவிடுகிற சத்தம். கெசியா வாயில் நுரையோடு நின்றாள், துப்பினால் கேட்டுவிடும் என்று விழுங்கினாள். புதினா வயிற்றில் எரிந்தது, இன்னும் எரிகிறது. பயிற்சியில் மட்டும் எப்படி ஏறினாள்? ஏறவில்லை. இப்போதுதான் உறைக்கிறது, பயிற்சியில் அந்த இடம் வரும்போதெல்லாம் அம்மா தண்ணீர் குடித்தாள், அல்லது சாரிடம் ஏதோ கேட்டாள். கொயர் பாடியது. அம்மா ஒரு தடவைகூட அதைப் பாடவே இல்லை. இன்றைக்குத் தண்ணீர் டம்ளர் கிடையாது. முதல் சரணம் குழலும் அம்மாவும் மட்டும், பல்லவிக்குத்தான் கீபோர்டும் கொயரும். முந்நூறு பேர் காணிக்கைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அறையில்லாத கதவை அம்மா முந்நூறு பேருக்கு முன்னால் திறப்பாள்.

பெரிய குழலை எடுத்து, நடுக்குழலின் பேப்பரை அப்படியே வாசித்தால். விரல் மாற வேண்டாம், பேப்பர் மாற வேண்டாம், குழல் மட்டும். பாட்டு முழுவதும் அலுங்காமல் நாலு சுரம் கீழே போய் உட்கார்ந்துவிடும், தந்தீரே-யும் கையெட்டுகிற இடத்துக்கு வந்துவிடும். இது காலையிலிருந்தே தெரியும். நுரையை விழுங்கும்போதே தெரியும். தெரிவதில் என்ன இருக்கிறது, யாரும் எனக்காக இறக்க வேண்டாம் என்று சொன்னது யாரிடம்? இறக்கினால் அம்மா சுருதியைக் கேட்ட உடனே தெரிந்துகொள்வாள். சார் கேட்டால் தவறு என்பார், அம்மா கேட்டால் தவறு என்று நினைக்க மாட்டாள். பெரிய குழலின் சத்தம் எப்படியிருக்கும்? கரகரவென்று, பாதி காற்றாக, உப்புத்தாள் மாதிரி. யாருடைய குரல் அது? பக்கவாட்டு அறையில் செய்ததை இவள் இப்போது பீடத்துக்குப் பக்கத்தில் நின்று செய்கிறாள், மைக் வைத்துச் செய்கிறாள், அப்படித்தான் தோன்றும். ஏன் தோன்றாது? இதுவரை என்றைக்காவது வேறு எதற்காவது இவள் யாருடைய குரலையாவது எடுத்திருக்கிறாளா? முன் பெஞ்சில் குனிந்து, அம்மா, நான் இறக்கி ஊதட்டுமா என்று கேட்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள். அதையும் அப்பா வழியாகச் சொல்வாள், அப்பா ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் கொட்டகையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாரிடம் சொல்லலாம். சார் அம்மாவிடம் கேட்பார், அதுதான் இன்னும் கேவலம். சும்மா இருக்கலாம். பேப்பரில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஊதலாம், விளையாடாதே என்று சிவப்பு மையில் இருக்கிறது, கேட்டால் காட்டலாம். உடைந்தால் குரல் உடையும், அதற்குக் கெசியா என்ன செய்வாள். தூக்கம் வருகிறது. எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் நன்றாக இருக்கும். பிரசங்கம் வனாந்தரத்துக்கு வந்து, வானத்திலிருந்து மன்னா பொழிகிறது, வெள்ளையாக, கொத்தமல்லி விதை போல. குழலை ஊதுவதற்கு முன்னால் சூடாக்க வேண்டும், குளிர்ந்த குழல் சுருதி இறங்கிப் பேசும், அதனால் பிரசங்கம் நடக்கும்போதே துப்பட்டாவுக்குள் வைத்து மெல்ல உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும், உள்ளங்கையால் மூடிக்கொண்டிருக்க வேண்டும். செய்துகொண்டுதான் இருக்கிறாள், கை அதன் பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கிறது. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகச் சூடேறியிருக்கிறது. குனிந்து பார்த்தாள். நடுக்குழல் பெஞ்சில் சில்லென்று கிடந்தது. துப்பட்டாவுக்குள் இத்தனை நேரம் பெரியது.

“ஆமென்.” யாரும் எதிர்பார்க்கவில்லை, குருவானவரே எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. கறி வாசம் அவருக்கும் போயிருக்கிறது. பெஞ்சுகள் முனகின, பைகள் கிளம்பின, சார் எழுந்து கையைத் தூக்கினார். அம்மா மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள், சண்டைக்குப் போகிறவள் மாதிரி. கெசியா எழுந்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து வில்பிரட் மாமாவுக்குக் காட்டினாள். சைபர் மாமா, சைபர். மாமா விழித்துப் பார்த்து, சூப்பர் என்கிறாளாக்கும் என்று அவரும் அதே மாதிரி ஒரு வட்டம் போட்டுக் காட்டிச் சிரித்தார். போச்சு. சாரின் கை இறங்கியது. கெசியா பெரிய குழலைத் தூக்கினாள், சாரின் கண் அதன் நீளத்தைப் பார்த்து அகலமாவதையும் பார்த்தாள், ஊதினாள். நாலு சுரம் கீழே ஆரம்பித்தது பாட்டு. கோயிலே ஒரு படி தாழ்ந்த மாதிரி இருந்தது. பயத்தில் மூச்சு அதிகமாகப் போய், முன்னிசையின் கடைசி வளைவில் குழல் கரகரத்து நடுங்கியது. சிட்டிகை. அது தானாக விழுந்துவிட்டது, பழகிய கை, பழகிய உதடு. அம்மா திரும்பினாள். பாட வேண்டிய இடம் வந்து, நின்று, போய்விட்டது. அம்மா பாடவில்லை. கெசியாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிளாஸ்க் மூடியைப் பார்த்த அதே பார்வை.

சேவல் ஒரு தடவை இறகை உதறியது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள், அதைக்கூடக் காது அளந்தது, சனியன் பிடித்த காது. சார் உதட்டை அசைக்காமல் மாத்து, மாத்து என்றார். நடுக்குழல் பெஞ்சில்தான் இருக்கிறது, எடுக்க ஒரு நொடி ஆகாது. கெசியா எடுக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஊதினாள், பெரியதிலேயே. இந்தத் தடவை எதையும் கூடப் போடவில்லை. வளைவு வந்த இடத்தில் வளைவு மட்டும். அம்மா வாக்கியத்தை எங்கே இழுப்பாளோ அங்கே அந்த அளவு, எங்கே விடுவாளோ அங்கே விட்டுவிட்டு. இவ்வளவு வெறுமையாக அவள் ஒருபோதும் எதையும் செய்து காட்டியதில்லை. கூச்சமாக இருந்தது, உடுப்பில்லாமல் நிற்பது போல. கண்ணை மட்டும் மூடவில்லை, அம்மாவைப் பார்த்தே ஊதினாள். இதுதாம்மா இடம். இங்கே வந்துவிடுங்கள், இங்கே எனக்கும் எட்டுகிறது. வளைவு முடிந்தது.

அம்மா பாடினாள். சபைக்குத் திரும்பிக்கூட நிற்கவில்லை, பக்கவாட்டிலேயே நின்றபடி முதல் வரியை எடுத்தாள். பழைய பியூலா இல்லை, கேட்டவர்களின் தோள் கொஞ்சம் விறைத்தது. சாக்குப் பையை இழுத்துக்கொண்டு நடக்கிற குரல், கனமாக, அங்கங்கே நூல் பிரிந்து. குழல் பின்னாலேயே போயிற்று, முந்தாமல். அந்த இடம் வந்தது. எல்லாம் நீர். அம்மாவின் கை கழுத்துக்கு ஏறியது. தந். கெசியாவுக்கு நுரையின் காரம் தொண்டைக்கு வந்தது. தீரே. இருந்தது. அறை இருந்தது. இருட்டாக, சாமான்கள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன, ஆனால் அறை, உள்ளே போய் நிற்க முடிகிற அறை, அம்மா அதற்குள் போய் நின்றாள், மூச்சு தீரும்வரை நின்றாள். பல்லவிக்கு வில்பிரட் மாமா முழு நம்பிக்கையோடு எஃப்பில் இறங்கி, ஒரே ஒரு கொடூரமான வினாடிக்கு இரண்டு சபைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பிறகு “அட” என்றார் மைக்கிலேயே, சிவப்பு அஞ்சு அணைந்து சைபர் எரிந்தது, கொயர் ஓடைக்குள் இறங்கி வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று கெசியாவுக்குச் சரியாகத் தெரியாது. தோள் வலித்தது. பைகள் போய் வந்தன.

கெசியா உட்கார்ந்தாள். சார் இரண்டு வரிசை தள்ளி நின்று, ஆராதனை முடியட்டும் என்று கண்ணாலேயே மேல் ஈ-யில் கத்திக்கொண்டிருந்தார். கத்தட்டும். அம்மா வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். மறுபடி அந்தப் பின்கழுத்து, நீலச் சேலை, இப்போது வியர்வையில் ஒட்டிய முடி. திரும்பவில்லை. கெசியா பெரிய குழலின் தண்ணீரைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். அம்மாவின் முதுகு மெல்லப் பின்னால் சாய்ந்தது, தலை பீடத்தையே பார்த்தபடி இருக்க. அங்கே குருவானவர் வாய் திறக்காமல் பூசணிக்காய்களை ஆசீர்வதிக்கப் போய்க்கொண்டிருந்தார், ஆனால் அவர் குரல் முன் பெஞ்சிலிருந்து வந்தது. வெண்கலப் பானைக்குள்ளிருந்து, பி ஃபிளாட்டில், கெசியா எத்தனையோ நாள் எட்டிப் பார்த்து இறங்க முடியாமல் திரும்பி வந்த அந்தப் பாதாளத்தின் அடித்தரையில் காலை ஊன்றிக்கொண்டு.

“பிரியமானவளே,” என்றது. “வீட்டுக்கு வா. ஒன்னை வச்சிக்கிடுதேன்.”

கடைசி ‘ளே’யில் ஒரு சிட்டிகை கூட இருந்தது.